சிறுநீரக நோயாளியின் இதயம்: ஒரு மருத்துவ வரலாறு



நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு வைத்தியம் பார்க்கும் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பழுது சிறுநீரகத்தில்தானே, இதயத்துக்கு எதற்கு எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள் என்பதே அது. எக்கோ அறிக்கையில் இடது கீழறையின் சுவர் தடித்திருக்கிறது என்றோ, இதயம் பெருத்திருக்கிறது என்றோ கண்டுவிட்டால், வாப்பாவுக்குப் புதிதாக இன்னொரு நோயும் வந்து சேர்ந்ததே என்று பிள்ளைகள் கலங்கிப் போகின்றனர். மருத்துவருக்கோ அதில் வியப்பில்லை. சிறுநீரகம் சுருங்கச் சுருங்க இதயம் பெருக்கும் என்பது ஏறத்தாழ 190 ஆண்டுகளாக அறியப்பட்டு வரும் செய்தி. அதைக் கண்டறிந்த வரலாற்றை அறிந்தவருக்கு, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்வதன் காரணமும், இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்று வற்புறுத்துவதன் காரணமும் தாமே விளங்கும். அந்த வரலாற்றின் நடுவே முஹம்மத் என்னும் பெயரைத் தாங்கிய ஒருவரும் நிற்கிறார். நம்மில் பலர் அவரைக் கேள்விப்பட்டதேயில்லை.

லண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர் ரிச்சர்ட் பிரைட் (1789–1858). உடம்பெல்லாம் நீர்கோத்து வீங்கி வரும் நோயாளிகளை அக்காலத்து மருத்துவர்கள் வீக்க நோய் என்ற ஒரே பெயரால் அழைத்துவந்தனர். பிரைட் அத்தகையோரின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். சிலருடைய சிறுநீர் முட்டையின் வெண்கரு போல உறைந்து திரளும். ஆல்புமின் என்னும் புரதம் அதில் ஒழுகுகிறது என்பதற்கு அது சான்று. அவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தால் சிறுநீரகங்கள் சிதைந்திருக்கும். இதை அவர் 1827-இல் நூலாக வெளியிட்டார். அன்றுமுதல் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிறுநீரகப் பழுதுக்கு ஐரோப்பாவில் 'பிரைட் நோய்' என்றே பெயர்.

நம் பொருளுக்கு வேண்டியது அவர் 1836-இல் வெளியிட்ட அட்டவணை. ஆல்புமின் ஒழுகிய நூறு பேரின் உடற்கூறுகளை உறுப்பு வாரியாக அதில் பதிந்தார். இதயத்துக்குரிய பகுதியில் 52 பேருக்கு இதயத் தசை தடித்திருந்தது. தடித்திருந்தவர்களில் 34 பேருக்கு வால்வுகளில் எந்தப் பழுதும் காணப்படவில்லை. வால்வு கெட்டால் இதயம் பெருக்கும் என்பது அன்றே தெரிந்த செய்தி. வால்வு நன்றாக இருக்கும்போதும் இடது கீழறை ஏன் இப்படித் தடிக்கிறது? பிரைட் இரண்டு விடைகளை முன்வைத்தார். கழிவு நீங்காத இரத்தம் தன் தன்மை கெட்டு இதயத்தை நேரடியாகத் தூண்டலாம். அல்லது உடலெங்கும் பரவியுள்ள நுண்குழல்களில் இரத்தம் செல்வது கடினமாகி, அதை உந்தித் தள்ள இதயம் மிகுதியாக உழைக்கலாம். இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் மருத்துவர் கையில் இல்லாத காலம் அது. அத்தகைய காலத்தில் கூறிய இரண்டு ஊகங்களும் பிற்காலத்தில் மெய்யாயின என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1856-இல், பெர்லின் நகரின் லுட்விக் டிராவுபே அடுத்த அடியை வைத்தார். சுருங்கிய சிறுநீரகம் இரத்தத்திலிருந்து போதிய நீரைப் பிரித்தெடுப்பதில்லை. ஆதலால் குழாய்களில் இரத்தம் மிகுந்து அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து உழைப்பதால் இடது கீழறை தடிக்கிறது என்றார் அவர். உடற்பயிற்சி செய்பவனின் புயம் திரள்வதைப் போன்றதுதான் இது. ஆனால் புயத்துக்கு ஓய்வு உண்டு, இதயத்துக்கு இல்லை. தடித்த தசைக்கு இரத்தம் ஊட்டும் நுண்குழல்கள் அதே அளவுக்குப் பெருகுவதில்லை. தசை நார்களுக்கிடையே வடு போன்ற திசு படிகிறது. முதலில் வலுவாகத் தோன்றிய இதயம் பின்னர் விறைத்து, இறுதியில் தளர்கிறது.

இதயத்தைப் பற்றிய வரலாறு எனும்போது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊரார் இப்னுந் நஃபீஸை நினையாதிருக்க இயலாது. டமாஸ்கஸ் அருகே பிறந்து கெய்ரோவில் 1288-இல் வஃபாத்தான அவர், மருத்துவராக மட்டுமன்றி ஷாஃபிஈ சட்ட நூல்களைப் போதித்த ஆசிரியராகவும் விளங்கினார். இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்கத்துக்கு நடுச்சுவரின் துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்று கேலன் சொன்னதை ஆயிரம் ஆண்டுகள் உலகம் நம்பியிருந்தது. அந்தச் சுவர் தடித்தது, அதில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் சுற்றி வருகிறது என்று இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய உரையில் அவர் மறுத்துரைத்தார். அந்த உரையின் சிறப்பை 1924-இல் பெர்லினில் ஏட்டுப் பிரதியைப் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி வெளிக்கொணர்ந்தார். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதிவைத்துவிட்டே இப்னுந் நஃபீஸ் மறைந்தார். சிறுநீரகத்தையும் இதயத்தையும் இணைத்து அவர் எதுவும் கூறியதாகச் சொல்லத் துணிய மாட்டேன். நம் பக்கங்களில் எல்லாக் கண்டுபிடிப்பையும் முன்னோர் தலையில் ஏற்றிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் மெய்யாகச் செய்தவற்றின் மதிப்பைக்கூட அது குறைத்துவிடுகிறது.

இதே எச்சரிக்கையோடுதான் முஹம்மத் என்ற பெயருடைய அந்த மருத்துவரிடம் வர வேண்டும். அவரது பாட்டனார் ஷேக் தீன் முஹம்மத் 1759-இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றி, 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1794-இல் தம் பயணங்களை ஆங்கில நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்று அதைக் கூறுவர். 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து நட்டப்பட்டார். பின்னர் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் எண்ணெய்ப் பிடிப்பும் செய்யும் நிலையம் நடத்திப் புகழ்பெற்று, இரண்டு அரசர்களுக்குப் பணிபுரிந்தார். ஷாம்பூ என்ற சொல் ஆங்கிலேயரிடையே பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அயர்லாந்துப் பெண்மணி ஒருவரை மணப்பதற்காக அவர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே 1849-இல் பிரைட்டனில் பிறந்த பேரர் பிரெடரிக் அக்பர் முஹம்மதை முஸ்லிம் அறிவியலாளர் பட்டியலில் சேர்ப்பது நேர்மையாகாது. அவருடைய உழைப்பை அறிந்துகொள்வதற்கு அது தடையுமன்று.

பிரெடரிக், பிரைட் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். பிரெஞ்சு நாட்டவரான மாரே 1860-இல் வடிவமைத்த நாடிப் பதிவுக் கருவியை எடுத்துச் சீர்திருத்தினார். மணிக்கட்டில் கட்டும் அக்கருவியில் ஒரு வில்கம்பி நாடியின் மேல் அழுந்தும். நாடி துடிக்கும்போதெல்லாம் நெம்புகோல் அசைந்து, புகையேற்றிய தாளில் கோடு கீறும். எவ்வளவு எடையால் அழுத்தினால் நாடி அடங்கும் என்று அளக்கும் வசதியை முஹம்மத் அதில் சேர்த்தார். ஹகீம்களும் நாட்டு வைத்தியர்களும் விரல் நுனியால் உணர்ந்துவந்த நாடியின் வன்மையை எண்ணாக மாற்றும் முயற்சி அது. அப்போது அவர் இன்னும் மாணவர்.

அடுத்து லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் செங்காய்ச்சல் கண்ட பிள்ளைகளை அவர் கவனித்தார். அக்காய்ச்சலுக்குப் பின் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபடுவதுண்டு. நாள்தோறும் நாடியைப் பதிவுசெய்து பார்த்ததில் ஒரு செய்தி புலப்பட்டது. சிறுநீரில் ஆல்புமின் தோன்றுவதற்கு முன்பே நாடியில் அழுத்தம் ஏறிவிடுகிறது. 1874-இல் இதை வெளியிட்டார். பிறகு உடல்நலத்தோடு நடமாடுபவர்களையும் சோதித்து, நோய் எதுவும் தெரியாத பலருக்கும் அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டார். அவர்களுக்குத் தம்மிடம் ஏதோ கோளாறு இருப்பதே தெரியாது. ஆண்டுகள் சென்றபின் அவர்களது குழாய்களும் சிறுநீரகமும் இதயமும் கெடுகின்றன என்று 1879-இலும் 1881-இலும் எழுதினார். சிறுநீரகம் கெட்டால் மட்டுமே அழுத்தம் ஏறும் என்று எண்ணியிருந்த உலகுக்கு, அழுத்தம் முன்னே வந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதும் உண்டு என்ற மறுபக்கத்தைக் காட்டியவர் அவர். இன்று இரத்த அழுத்தத்தைச் சத்தமின்றிக் கொல்லும் நோய் என்கிறோமே, அந்தக் கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1884 நவம்பரில் டைபாய்டு காய்ச்சலால் முஹம்மத் மறைந்தார். வயது 35. கையில் கட்டி அளக்கும் பட்டையை இத்தாலியின் ரீவா ரோச்சி 1896-இல்தான் உருவாக்கினார்; அதன் கீழ்க் குழாயில் எழும் ஓசையைக் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் அறியலாம் என்று ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905-இல் காட்டினார். எளிதாக அளக்கும் கருவி வந்தபோது, அதற்கு முன்பே கருத்தைச் சொன்னவரைப் பலரும் மறந்துவிட்டிருந்தனர்.

சிறுநீரகம் எவ்வாறு அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதும் அக்காலத்தில் துலங்கத் தொடங்கியது. 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்த, அழுத்தம் ஏறியது. அதிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். 1934-இல் அமெரிக்காவின் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கினால் அதன் இரத்த அழுத்தம் நிலையாக ஏறிவிடுவதைக் காட்டினார். தன்னிடம் வரும் இரத்தம் குறைந்ததாக உணரும் சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, உடலெங்கும் குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் செய்கிறது. இன்று சிறுநீரக நோயாளிகள் பலருக்கு எழுதித் தரப்படும் 'பிரில்' என்றும் 'சார்டான்' என்றும் முடியும் பெயருடைய மாத்திரைகள் இந்தச் சங்கிலியை அறுப்பவை. ஆகவேதான் அழுத்தம் ஓரளவு சரியாக இருக்கும்போதும் அவற்றை நிறுத்த வேண்டாம் என்கின்றனர்.

இனி, சோறுண்ணும் நமக்கு நெருக்கமான ஒரு கதை. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து 1934-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் வால்டர் கெம்ப்னர். அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்து எதுவும் இல்லாத காலம் அது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் சுமையைக் குறைப்பதற்காக அவர் ஓர் உணவுமுறையை வகுத்தார்: உப்பில்லாச் சோறு, பழங்கள், பழச்சாறு, சர்க்கரை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் மட்டுமே. உப்போ மிகமிகச் சிறிது. தொடக்கத்தில் இதைச் சில நாட்களுக்கு மட்டுமே கொடுத்துவந்தார். 1942-இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு பெண்மணியை இரண்டு வாரம் இவ்வுணவை உண்டு திரும்பி வருமாறு பணித்தார். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு சரியாக விளங்காததால், அப்பெண்மணி இரண்டு மாதம் உண்டுவிட்டு வந்தார். அவர் இறந்திருப்பார் என்று அஞ்சியிருந்த மருத்துவர் கண்டது வேறு. இரத்த அழுத்தம் வெகுவாக இறங்கியிருந்தது. கண்ணின் உட்புறத்தில் இருந்த இரத்தக் கசிவுகள் மறைந்திருந்தன. பெருத்திருந்த இதயம் எக்ஸ்ரே படத்தில் சுருங்கியிருந்தது.

பிறகு கெம்ப்னர் நூற்றுக்கணக்கானோருக்கு இம்முறையை நீண்ட நாள் கொடுத்து, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். பெருத்த இதயம் மீண்டும் சிறுக்கும் என்று நம்ப அக்கால மருத்துவர்கள் தயங்கினர். படங்களில் ஏதோ தந்திரம் இருப்பதாகக்கூடச் சிலர் ஐயுற்றனர். இதயம் பெருத்தது பெருத்ததுதான் என்று மனமுடைந்து போகும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இக்கதையையே. அவ்வுணவை அப்படியே இன்று பின்பற்ற முயலக் கூடாது. நோய் முற்றிய சிறுநீரகம் பழத்திலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற மாட்டாது; அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். கெம்ப்னரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உப்பைப் பற்றிய பாடம் மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனம் நலமுள்ளவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் பரிந்துரைக்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொள்ள இருக்கும் நம் தட்டில் அந்த அளவு ஒரே வேளையில் கடந்துவிடும்.

அதே 1940-களில்தான் செயற்கைச் சிறுநீரகம் பிறந்தது. ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த ஹாலந்தின் காம்பன் ஊரில் வில்லெம் கோல்ஃப், தொத்திறைச்சி உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டு, 1943-இல் நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்திகரித்தார். முதலில் வந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் உயிர் பிழைத்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குழாயைக் கீற வேண்டியிருந்ததால், சிறுநீரகம் நிலையாகச் செயலிழந்தவருக்கு அது உதவவில்லை. சியாட்டில் நகரின் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960 மார்ச்சில் டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையில் நிலையாகப் பொருத்தி அத்தடையை நீக்கினார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், விமானத் தொழிற்சாலையில் எந்திரப் பணியாளர், வயது 39. அவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. டயாலிசிஸ் மூலம் உடலில் தேங்கிய நீரை இறக்கி, உப்பைக் கட்டுப்படுத்தியதும் அந்த அழுத்தம் தணிந்தது. பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-இல் அவர் இறந்தது மாரடைப்பால்.

அந்த ஒரு மரணத்தில் அடுத்த அரை நூற்றாண்டின் கதை அடங்கியிருந்தது. கழிவு தேங்கி இறப்பதை எந்திரம் தடுத்துவிட்டது. மீந்தவர்களை இதயம் கைவிட்டது. டயாலிசிஸில் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு இதயக் குழாய் நோய் விரைந்து முற்றுகிறது என்று 1974-இல் சியாட்டில் மருத்துவர்களே எழுதினர். ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-இல் தொடங்கிவைத்த ஒலியலைப் பரிசோதனை, அதாவது எக்கோ, இதற்குள் எங்கும் பரவியிருந்தது. பிரைட் இறந்தவரின் உடலில் கண்ட தடிப்பை இப்போது உயிரோடு இருப்பவரிடமே மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிந்தது. கனடாவின் ராபர்ட் ஃபோலியும் அவருடைய குழுவினரும் டயாலிசிஸ் தொடங்கும் நிலையிலிருந்த 433 பேரை எக்கோ செய்து 1995-இல் முடிவை வெளியிட்டனர். 74 சதவீதத்தினருக்கு இடது கீழறை தடித்திருந்தது. எந்திரத்தில் சேரும் முன்பே கேடு நேர்ந்துவிட்டது என்பது இதன் பொருள். சிறுநீரகச் செயல் குறையக் குறையத் தடிப்புள்ளோர் விகிதம் ஏறுவதையும் பிற ஆய்வுகள் காட்டின. ஆகையால்தான் கிரியாட்டினின் சிறிது ஏறியிருக்கும்போதே மருத்துவர் எக்கோ கேட்கிறார்.

காரணங்களில் முதலாவது இரத்த அழுத்தம். அது கீழறைச் சுவரை உள்நோக்கித் தடிக்கச் செய்கிறது. இரண்டாவது, தேங்கும் உப்பும் நீரும். அவை அறையை விரித்துப் பெருக்கச் செய்கின்றன. டயாலிசிஸுக்காகக் கையில் செய்யும் ஃபிஸ்டுலா வழியே மிகுதியான இரத்தம் பாய்ந்தால் அதுவும் இச்சுமையைக் கூட்டும். மூன்றாவது இரத்தசோகை. சிறுநீரகமே எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரந்து சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டுகிறது. அது பழுதானால் இரத்தம் வெளிறி, அதே அளவு ஆக்சிஜனைக் கொண்டுசெல்ல இதயம் கூடுதலாக இறைக்க வேண்டியதாகிறது. 1989-இல் இந்த இயக்குநீர் ஊசி மருந்தாக வந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. பலருக்கு இரத்தம் ஏற்றும் தேவை நீங்கியது, சோர்வு அகன்றது. அப்படியானால் ஹீமோகுளோபினை நலமுள்ளவர் அளவுக்கே உயர்த்தினால் இதயம் முற்றும் குணமாகுமே என்று எண்ணினர். 2006-இலும் 2009-இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அவ்வாறு உயர்த்துவதால் இதயத்துக்கு நன்மையில்லை, பக்கவாதம் போன்ற தீங்கு மிகலாம் என்று காட்டின. எனவே இன்று மருத்துவர்கள் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். 'இரத்தம் இன்னும் குறைவாகத்தானே இருக்கிறது, ஏன் ஊசியைக் கூட்டவில்லை' என்று அவர்களிடம் சண்டையிடுவோர் இதை அறிய வேண்டும்.

பிரைட்டின் முதல் ஊகமான கெட்ட இரத்தமும் மறக்கப்படவில்லை. பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பேட் தேங்கும்போது, சுண்ணாம்புச் சத்து தமனிச் சுவர்களில் படிந்து அவற்றை விறைக்க வைக்கிறது. நெகிழாத குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளுவது இதயத்துக்குப் பெருஞ்சுமை. மேலும், பாஸ்பேட்டை வெளியேற்றுவதற்காக எலும்பு சுரக்கும் ஓர் இயக்குநீர், மிகுந்துபோனால் நேரடியாக இதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு இதயம் பெருப்பது ஏன் என்பதற்கு இது ஒரு விடை. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்லும் பாஸ்பேட் மாத்திரையைப் பலர் சத்து மாத்திரை என்று கருதி விட்டுவிடுகின்றனர். நீரிழிவும், வயது முதிர்வும், புகைப்பழக்கமும் இவற்றோடு சேரும்போது கேடு விரைகிறது. தடித்து வடுப்பட்ட இதயத்தில் மின்னோட்டம் தடுமாறித் துடிப்பு திடீரென நிற்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளின் மரணங்களில் திடீர் மரணத்துக்குப் பெரும்பங்கு இருப்பது இதனால்தான்.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்ட கணக்கு. இறைவன் படைத்த சிறுநீரகமோ வாரத்தின் 168 மணி நேரமும் இயங்குவது. பிரான்ஸ் நாட்டின் டாசான் ஊர் மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் மெதுவாகச் சுத்திகரித்து, உணவில் உப்பையும் குறைத்து, பெரும்பாலோருக்கு அழுத்த மாத்திரையே தேவையில்லாதபடி செய்தனர். வாரம் ஆறு முறை செய்தால் கீழறையின் எடை குறைகிறது என்று 2010-இல் வட அமெரிக்க ஆய்வொன்றும் காட்டியது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் பலரிடமும் தடிப்பு குறைவதைக் காணலாம். நம் ஊர்களில் இடமும் பணமும் அதற்கெல்லாம் இடம்தருவதில்லை என்பது தெரிந்ததே. இருந்தும் பணம் கேட்காத ஒன்று உண்டு. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறும் எடையைக் கட்டுக்குள் வைப்பது அது. இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதியை அடுத்துத்தான் இறப்பு மிகுகிறது என்று 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. இருபது நிமிடம் பயணத்தைச் சாக்கிட்டோ, கல்யாண வீட்டைச் சாக்கிட்டோ ஒரு முறையைத் தவறவிடுவது எத்தகைய துணிச்சல் என்பதை இதிலிருந்து உணரலாம். உப்பு குறைந்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் நீர் குறையும். தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்லி உப்பை விட்டுவைப்பது நோயாளியை வதைப்பதாகும்.

ரமளான் மாதத்தில் இந்த வரலாறு நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் கூறுகின்றன. குணமடையும் நம்பிக்கையில்லா நோயாளி ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யாவாக ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹ் நூல்களின் தீர்ப்பு. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் விடாது நோன்பு நோற்ற பெரியவர்கள் இச்சலுகையை ஏற்க மனம் இசைவதில்லை. அவர்களிடம் வாதாடுவதைவிட, மருத்துவரின் கருத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஊர் ஆலிமிடம் பெரியவரையே அழைத்துச் சென்று பேசவைப்பது பயன் தரும். நோயின் தொடக்க நிலையில் இருப்போரில் சிலருக்கு நோன்பு நோற்க மருத்துவர் இசையக்கூடும். மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அவரே மாற்றித் தருவார். அதை ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

நோன்பு வைக்காவிட்டாலும் இஃப்தார் விரிப்பில் எல்லோருடனும் அமரும் நோயாளிக்குத் தட்டில் என்ன வைப்பது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியிலும் சமோசாவிலும் வடையிலும் உப்பு மிகுதி. பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸில் இருப்பவர் ஒன்றுக்கு மேல் உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. ஸம்ஸம் நீரும் கஞ்சியும் சர்பத்தும் அன்றைய நீர்க் கணக்கில் சேர்ந்தவையே. வீட்டுக் கஞ்சியில் உப்பிடுமுன் அவருக்குரிய கிண்ணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, இஞ்சி, பூண்டு, புதினா, எலுமிச்சைச் சாறு சிறிது சேர்த்துக் கொடுத்தால், உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது.